கொடி நட்டவரும் கொசு கடித்தவரும்

சிப்பிகாட்டில் பிஜி நாட்டுத் தென்னை நிற்கிறது. போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் வழியில், 14 கிலோமீட்டர் போனால் சிப்பிகாட். 1980-களின் தொடக்கத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன நம் விஞ்ஞானிகள் பிஜி, டோங்கா, சமோவா, சாலமன் என்று ஒவ்வொரு கரையிலும் நெற்றுத் தேங்காய் பொறுக்கிவந்து இங்கே நட்டார்கள். உலகத் தென்னை மரபுவள மையம் என்று அதற்குப் பெயர். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய், ஒன்றை மண்ணில் ஊன்றி, அது உருப்படியாகக் காய்த்தும் காட்டிய சம்பவம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சரித்திரத்தில் அபூர்வம். மற்றவர்கள் எல்லாரும் ஊன்றியது கொடிக்கம்பு.

பிஜி என்றதும் அந்த நாட்டுக் கொடியைச் சொல்லாமல் நகர முடியாது. அதில் தென்னை இருக்கிறது. கரும்பு இருக்கிறது. வாழைத்தார் இருக்கிறது. பொங்கல் படையலை யாரோ கேடயத்துக்குள் வரைந்துவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட தமிழரும் தெலுங்கரும் வெட்டிய கரும்பு அது. அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக பாரதி அழுதது ஊரறிந்த கதை. கேடயத்தின் மேல்பக்கம் ஒரு சிங்கம், கையில் கொக்கோக் காயோடு. பிஜியில் சிங்கம் கிடையாது. சிங்கம் கொக்கோ தின்னாது. இடது மூலையில் யூனியன் ஜாக். அது மட்டும் நிஜமாகவே அங்கே வந்து, 96 வருஷம் உட்கார்ந்திருந்தது.

சுதந்திரம் வாங்கி 45 வருஷம் ஆன பிறகு, 2015-ல், இந்த மூலையை வெட்டிவிடலாம் என்று பிரதமர் பைனிமராமா கிளம்பினார். போட்டி வைத்தார்கள், வடிவங்கள் வந்தன, சண்டையும் வந்தது. அடுத்த வருஷம் ரியோ ஒலிம்பிக்ஸ். ரக்பியில் பிஜி தங்கம் ஜெயித்தது. அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். ஊரெல்லாம் பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. இனிமேல் மாற்றினால் வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று புரிந்த பிரதமர் திட்டத்தைக் கைவிட்டார். இறுதி ஆட்டத்தில் பிஜி தோற்கடித்தது யாரை? கிரேட் பிரிட்டனை, 43-க்கு 7. பிரிட்டனை அடித்து நொறுக்கிய சந்தோஷத்தில் பிரிட்டன் கொடி தப்பிப் பிழைத்தது.

அந்தமான் நிக்கோபாருக்கு இந்தத் தலைவலி இல்லை. தனிக்கொடியே கிடையாது. ஆனால் இங்கே வந்து இறங்கிய கொடிகளை வரிசையாகக் கட்டினால் திருமண மண்டபத் தோரணம் தேறும். கொடிக்கு அர்த்தம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் சிவப்பு தியாகம், வெள்ளை சமாதானம், பச்சை செழிப்பு, நீலம் கடல் என்று ஒப்பிப்போம். தீவில் நடும் கொடிக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்து வரும் கப்பலே, இடம் பிடித்தாயிற்று, வேறு தீவைப் பார். தீவில் ஏற்கெனவே குடியிருப்பவனுக்கு அதில் சேதி ஒன்றும் கிடையாது. அவனைக் கேட்டு யாரும் நடவும் இல்லை.

முதல் கொடி நம்முடையது என்று மார்தட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025 வாக்கில் நடந்த கடல் படையெடுப்பில் பிடித்த ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரத்தையும் சேர்க்கிறது. நிக்கோபார்தான். சோலை சூழ்ந்த ஊர் என்று ஒரு பாராட்டு, அவ்வளவுதான். அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார் புலவர். புலிக்கொடி ஏற்றினார்களா, யாராவது எதிர்த்தார்களா, எத்தனை நாள் தங்கினார்கள், பேச்சே இல்லை. இந்தத் தீவுகளில் புலியும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 1000 வருஷம் கழித்து இந்தப் படையெடுப்புக்குப் பலன் கிடைத்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று மத்திய அரசு பெயர் மாற்றியபோது, சோழர் கடற்படைத் தளம் இருந்த இடம் என்ற பெருமையையும் சொன்னது. ராஜேந்திரன் கப்பல் கட்டிப் போய் அடித்த பேரரசின் பெயர் ஸ்ரீவிஜயம். அடித்தவன் ஞாபகார்த்தமாக, அடிவாங்கியவன் பெயரைப் போலவே ஒரு பெயர் வாய்த்தது. ராஜேந்திரன் இருந்திருந்தால் அமைச்சரவைக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தடவை படித்திருப்பான்.

அடுத்து வந்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்: தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேன்ஸ்போர்க் கோட்டை கட்டி, மிளகு வாங்கிக்கொண்டு, சோறும் மீன்குழம்புமாக நிம்மதியாகத்தான் இருந்தார்கள். சும்மா இருக்க முடியவில்லை. டேனிஷ் கொடி சாமானியக் கொடி அல்ல. சிவப்பில் வெள்ளைச் சிலுவை. 1219-ல் எஸ்டோனியாவில் நடந்த ஒரு போரில் தோற்றுக்கொண்டிருந்தபோது வானத்திலிருந்தே விழுந்ததாம், பிடித்துக்கொண்டதும் ஜெயித்துவிட்டார்களாம். வானத்திலிருந்து விழுந்த கொடியை வங்காள விரிகுடாவில் ஏற்றினால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 1756 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு உற்சாகத்தில், நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்தார்கள்; 'பிரெடரிக் தீவுகள்' என்று ராஜா பெயரையும் வைத்தார்கள். புது டென்மார்க் என்றும் ஒரு பெயர் உண்டு. கோபன்ஹேகன் பனியில் இருந்த ராஜாவுக்கு, கிரேட் நிக்கோபார் காட்டில் ஜனவரி மாதத்தில் வியர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அங்கே ஏற்கெனவே ஒருவர் ஆட்சியில் இருந்தார். அவருக்குக் கொடி இல்லை, கோட்டை இல்லை, சாயங்காலம் மட்டும் வெளியே வருவார். உப்புநீரும் நல்லநீரும் கலந்த குட்டைகளில் முட்டையிடும் அனாபிலஸ் கொசு. புது டென்மார்க் குடிமக்கள் குளிர்காய்ச்சலில் வரிசையாக விழுந்தார்கள். இடம்தான் சரியில்லை என்று கமோர்ட்டாவுக்கு மாறினார்கள். கொசு அங்கேயும் இருந்தது. சரி, அரசாங்கத்தால் முடியாததை ஆண்டவனால் முடியும் என்று 1768-ல் மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் நான்கவுரியில் இறங்கினார்கள். தச்சு வேலை, தோட்ட வேலை தெரிந்த நல்ல மனிதர்கள். சங்கு சிப்பி சேகரித்து விற்றுச் செலவைச் சமாளித்தார்கள். ஏறக்குறைய 20 வருஷம் தாக்குப்பிடித்தார்கள். உள்ளூர் மொழி படிவதற்குள் ஆள் போய்விடுவார். அடுத்தவர் வந்து முதலெழுத்திலிருந்து தொடங்குவார். கடைசியில் கல்லறைகளை விட்டுவிட்டுத் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. டேனிஷ் கொடி பறக்கிறதா கிழிந்துவிட்டதா என்று தெரியாத ஒரு காலகட்டத்தில், 1778-ல், ஆஸ்திரியா வந்து இறங்கியது. ஆஸ்திரியாவா என்று கண்ணைக் கசக்க வேண்டாம், அதேதான். வில்லியம் போல்ட்ஸ் என்று ஒரு மனிதர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேர்ந்து, சொந்த வியாபாரத்தில் அதிகமாகச் சம்பாதித்து, கம்பெனி பிடித்து நாடு கடத்த, இங்கிலாந்து போய் அதே கம்பெனியைக் கிழித்துப் புத்தகம் எழுதியவர். பிறகு மகாராணி மரியா தெரசாவிடம் போய், உங்களுக்கு ஒரு கிழக்கிந்திய வியாபாரம் அமைத்துத் தருகிறேன் என்றார். மகாராணி 1775-ல் சாசனம் கொடுத்துவிட்டார். லண்டனில் வாங்கிய கப்பலுக்கு மகன் பெயரையும் தாய் பெயரையும் சேர்த்து 'ஜோசப் அண்ட் தெரேசியா' என்று வைத்தார்கள். இப்படியாக, இங்கிலீஷ்காரக் கம்பெனி துரத்திய டச்சுக்காரர், ஆஸ்திரிய சாசனத்தோடு அனுப்பிய கப்பல், டென்மார்க் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்த நிக்கோபாரியர் மண்ணில் கொடி நட்டது.

காலனியின் மொத்த ஐரோப்பிய மக்கள்தொகை: காட்பிரீட் ஸ்டால் என்ற அதிகாரி, கூட ஐந்து பேர். ஆறு பேர். டென்மார்க் கொதித்துப்போய் எதிர்ப்புத் தெரிவித்தது. வியன்னா யோசித்துக்கொண்டிருந்தது. கப்பல் எதுவும் திரும்பி வரவில்லை. 1783-ல் ஸ்டால் இறந்தார். கொஞ்ச காலத்தில் காலனியும் முடிந்தது. ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் சின்னம் இரட்டைத் தலைக் கழுகு. இரண்டு தலை இருந்தும் ஒன்றுகூட நிக்கோபார் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. டெரெசா தீவு என்று வரைபடத்தில் ஒரு பெயர் இன்னும் இருக்கிறது. அந்த மகாராணியின் பெயர்தான் என்கிறார்கள்.

இங்கிலீஷ்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமானில் சாத்தம் தீவில் குடியேற்றம் அமைத்தார். மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிற்று. நன்றாகப் போகிற காரியத்தை மேலதிகாரிகள் சும்மா விடுவார்களா? வடக்கே இதைவிடப் பெரிய துறைமுகம் இருக்கிறது என்று 1792-ல் மொத்த ஊரையும் அங்கே தூக்கிப் போனார்கள். காய்ச்சல் காத்துக்கொண்டிருந்தது. 1796-ல் கடையைக் கட்டினார்கள். மலேரியா கொடிகட்டிப் பறந்தது.

கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல், செகந்திராபாத்தில். அதுவரைக்கும் எல்லாரும் கெட்ட காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். (போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு இவர் பெயரில் இல்லை; அது டேனியல் ராஸ் என்ற கடல் அளவையாளர் பெயர். கொசுவை எதிர்த்தவருக்குத் தீவில்லை, கடலில் ஆழம் பார்த்தவருக்குத் தீவு.)

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த கட்டம் 1846. அதற்கு முந்தின வருஷம்தான் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றிருந்தது. விற்பனைப் பத்திரத்தில் நிக்கோபார் இல்லை. கடையை விற்றாயிற்று, பின்பக்கக் கொல்லை மட்டும் பாக்கி. அந்தக் கொல்லையைப் பார்க்க ஸ்டீன் பில்லே என்ற கேப்டன் 'கலாத்தியா' கப்பலில் வந்தார். விஞ்ஞானிகள், ஓவியர் எல்லாரும் கூட. ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு டேனிஷ் கொடியும் அதிகாரக் கோலும் கொடுத்தார். தலைவர்களும் வாங்கிக்கொண்டார்கள். நல்ல கெட்டித் துணி, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பில்லே போய்விட்டார். டென்மார்க்கில் பிறகு கணக்குப் பார்த்தார்கள், கையைப் பிசைந்தார்கள், 1848-ல் இந்தத் தீவுகளே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். முடிவெடுத்தவர்கள் அதோடு விட்டார்களா? 'வால்கைரியன்' என்ற போர்க்கப்பலை அனுப்பி, கொடுத்த கொடிகளையும் கோல்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்! ஒரு சாம்ராஜ்யம் துணியைத் திரும்பக் கேட்டு வாசலில் நின்ற காட்சியை அந்த நிக்கோபார் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

வேண்டாம் என்று விட்டதற்கும் விலை உண்டு. 1860-களில் இத்தாலி வந்து பேரம் பேசிப் பார்த்தது. படியவில்லை. 1868 அக்டோபரில் டென்மார்க் மிச்சமிருந்த உரிமையை பிரிட்டனுக்குக் கொடுத்தது. 1869-ல் யூனியன் ஜாக் ஏறியது. அதற்குப் பத்துப் பதினோரு வருஷம் முன்பே, 1858 மார்ச்சில், 1857 கலகத்தில் பிடிபட்டவர்களோடு அந்தமான் கைதிக் குடியேற்றம் தொடங்கியிருந்தது. கைதிகளுக்குக் கொடி கிடைக்கவில்லை. கழுத்தில் நம்பர் போட்ட மரக்கட்டை கிடைத்தது. இந்தக் கொடியின் கீழே நடந்ததைச் சொல்ல செல்லுலார் சிறையே நிற்கிறது. அதைக் கிண்டல் செய்ய எனக்குக் கை வரவில்லை.

நிக்கோபாரில் இங்கிலீஷ்காரன் டேனிஷ்காரனைவிட விவரம். ஊர்த் தலைவருக்கு ஒரு யூனியன் ஜாக், ஒரு செட் உடுப்பு, ஒரு நியமனச் சான்றிதழ், ஒரு நோட்டுப் புத்தகம். கப்பல் வந்தால் கொடியைக் காட்டு, வந்த கப்பல்காரனை நோட்டில் எழுதச் சொல். நான் சொன்ன அர்த்தம் இங்கே எழுத்திலேயே வந்துவிட்டது: கொடி கப்பல்காரனுக்கு. தலைவர்களுக்குப் பட்டம் 'கேப்டன்'. கப்பல்காரர்கள் கொண்டுவந்து இறக்கியதில் அவர்களுக்குப் பிடித்துப்போனது இந்தப் பட்டம்தான். கொடிகள் மாறிவிட்டன, சாம்ராஜ்யம் போய்விட்டது, கார் நிக்கோபாரில் இன்றைக்கும் கிராமத்துக்கு கேப்டன் உண்டு. நல்லது கெட்டது எதற்கும் அவரிடம்தான் போவார்கள்.

1942 மார்ச் 23. ஜப்பான் வந்தது. பெரும்பாலான இங்கிலீஷ் அதிகாரிகள் ஏற்கெனவே மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டார்கள். சண்டையே இல்லாமல் சூரியக்கொடி ஏறியது. பிறகு உளவாளி என்று பிடித்தார்கள். நகத்தைப் பிடுங்கியது, சுட்டது, கடலில் தள்ளியது எல்லாம் இந்தத் தீவுகளில் பல குடும்பங்களின் சொந்தக் கதை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் 1943 டிசம்பர் 30 அன்று, போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி மூவர்ணக் கொடி ஏற்றினார். எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. அந்தமானுக்கு ஷாஹீத், நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். ஜப்பானியர் காட்டிய இடத்தைப் பார்த்தார், காட்டாத இடத்தைப் பார்க்க விடவில்லை. பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் அதே ஊர்ச் சிறையில் சித்திரவதைப்பட்டு, இரண்டு வாரம் கழித்து இறந்தார். 1944 ஜனவரி 30, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; கொடி ஏறி சரியாக ஒரு மாதம்.

நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் சர்க்காரின் சார்பில் தீவுகளை ஆள வந்தவர் நம்ம ஊர்க்காரர். ஆற்காடு துரைசாமி லோகநாதன், ராணுவ டாக்டர். 1944 பிப்ரவரியில், விரல்விட்டு எண்ணும் ஆட்களோடு வந்தார். தலைமை கமிஷனர் என்று பட்டம். போலீஸ்? அது யுத்தம் முடிந்த பிறகு பார்க்கலாம். துறைமுகம்? அது கடற்படையிடம். கடைசியில் ஜப்பானியர் விட்டுக்கொடுத்தது கல்வித் துறை ஒன்றைத்தான். போலீஸைக் கொடுக்காமல் பள்ளிக்கூடத்தை மட்டும் கொடுத்தால் என்ன சர்க்கார் என்று அவர் எரிச்சலில்தான் இருந்தார். அந்த வருஷக் கடைசிக்குள் கிளம்பிப் போய்விட்டார். கொடி நம்முடையது, கொடிக்கம்பம் ஜப்பானியருடையது.

1945 அக்டோபரில் ஜப்பானியர் சரணடைந்ததும் அதே ஜிம்கானா மைதானத்தில்தான். அந்த மைதானம் பார்த்த கொடிகளை ஒரு ரெஃப்ரி கூடப் பார்த்திருக்க மாட்டார். 1947-ல் இந்தத் தீவுகள் பாகிஸ்தானுக்கு வேண்டும் என்று முஸ்லிம் லீக் கேட்டது, யாருக்கும் கொடுக்காமல் நாமே வைத்துக்கொள்வோம் என்று பிரிட்டிஷ் படைத்தளபதிகள் முனகினார்கள். தீவுக்காரர்களிடம் வழக்கம்போல யாரும் கேட்கவில்லை. இந்த முறை தீவுகள் நல்ல இடத்தில் வந்து சேர்ந்தன.

2018 டிசம்பர் 30, நேதாஜி கொடி ஏற்றியதன் 75-ஆவது ஆண்டு. பிரதமர் மோடி சவுத் பாயின்ட்டில் 150 அடி உயரக் கம்பத்தில் தேசியக் கொடி ஏற்றினார். ராஸ் தீவு நேதாஜி தீவாயிற்று, நீல் தீவு ஷாஹீத் தீவு, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு. நேதாஜி நிக்கோபாருக்கு வைத்த ஸ்வராஜ் என்ற பெயர், அந்தமானில் தேன்நிலவு ஜோடிகள் ஸ்கூபா பழகும் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. டூரிஸ்ட் முகவர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் பேக்கேஜ் விற்கிறார்கள்.

இத்தனை பேரிலும் கெட்டிக்காரத்தனமாக இடம் பிடித்தது யார் என்று கேட்டால், சிப்பிகாட்டுக்கு வந்து பாருங்கள். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. நெல் விளைந்த வயலுக்குள் கடல் வந்தது, அதன் பிறகு போகவில்லை. சாலையோரம் நின்று பார்த்தால் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாது. அந்தமான் கிளுவை குஞ்சுகளோடு நீந்தும், கேமராக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடல் கொடி எதுவும் நடவில்லை. பட்டா வைத்திருந்தவர்கள் இன்னும் பட்டாவை வைத்திருக்கிறார்கள். உப்பும் நல்லநீரும் கலந்த இந்தத் தண்ணீர் நம் பழைய ஆட்சியாளருக்கும் பிடித்த தண்ணீர். சாயங்காலம் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளவும்.

கடைசியாக வட சென்டினல் தீவு. 1970-ல் இந்திய அளவைக் குழு ஒன்று ஆளில்லாத ஒரு ஓரத்தில் இறங்கி, இது இந்தியாவின் பகுதி என்று பொறித்த கல்லை நட்டுவிட்டு வந்தது. நட்ட இடம், அங்கே வாழும் சென்டினலியர் அடுப்பெரித்துவிட்டுப் போன ஒரு பழைய அடுப்படி. அவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். வேறு யாரும் போய்ப் படிக்கவும் முடியாது. பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1956-ன்படி அந்தத் தீவின் கரையிலிருந்து ஐந்து கடல்மைல் தூரத்துக்குள் யாரும் நுழையக் கூடாது, கையில் கொடி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.